பெட்டி முன்னால் பேசிய பேச்சு

குலசாமியின் மாசிக் கும்பிடுக்குச் சென்னையிலிருந்து வருகிற பங்காளிகள் காரை விட்டு இறங்கியதும் செய்கிற முதல் காரியம் மூச்சு இழுப்பது. நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை மூடி, மூக்கு விடைக்க இழுத்து, “ஆகா! காத்துன்னா இதுல்ல காத்து” என்று சொல்லி விடுவார்கள். செம்பட்டி முக்கில் திரும்புகிற லாரிகள் கக்கிய புகையும், கிழக்கே இருக்கிற கோழிப்பண்ணையின் வாடையும் அந்தக் காற்றில் சரிபாதி கலந்திருக்கும். அதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. தண்ணீர்ச் செம்பும் கையுமாக வாசலில் நின்று, அவர்கள் இழுத்து முடிக்கட்டும் என்று பழனியம்மாள் காத்திருப்பாள். பதினோரு வருஷமாகக் காத்திருக்கிறாள்.

மூச்சு முடிந்ததும், “நீங்கள்லாம் குடுத்து வச்சவுக” என்பார்கள். அதற்கடுத்த நிமிஷமே அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தி அவள் காதோரம் வந்து, “ஏத்தா, பாத்ரூம்ல வெஸ்டர்ன் இந்த வருஷமாச்சும் வச்சியா?” என்று கேட்பாள்.

பழனியம்மாள் கொடுத்து வைத்தவளாக இருப்பதற்குக் காரணம் ஒரு பெட்டி.

அவர்களுடைய குலசாமி சின்னக்கருப்பு. ஓடைக்கரையில் இருக்கிற கோயிலில் இரண்டு கல்லும் ஒரு வேலும்தான். சாமியின் சொத்தெல்லாம், வெள்ளிப்பூண் போட்ட தடி, சலங்கை, கைமணி, பழைய அரிவாள், ஒரு பட்டுத்துணி, எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கும். பெட்டி பங்காளி வீட்டில் இருக்கும். மாசிக்கு மாசி வீடு மாறும். பெட்டி இருக்கிற வீட்டில் அந்தி தவறாமல் விளக்கேற்ற வேண்டும். செவ்வாய், வெள்ளி கவிச்சி ஆகாது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து ஓர் இரவுகூட வெளியே தங்கக் கூடாது. ஆறு வீட்டுப் பங்காளிகள் இருந்தபோது இதில் ஒரு சிரமமும் இல்லை. ஆறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் முறை வரும்.

அப்புறம் ஒரு வீடு சென்னைக்குப் போனது, ஒரு வீடு ஓசூருக்குப் போனது, மூன்று வீடு திருப்பூருக்கு. பெட்டி கண்ணுசாமி வீட்டுக்கு முறைப்படி வந்தது. வந்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு மாசியிலும் கறிச்சோறு தின்று கை கழுவும்போது, “இந்த ஒரு வருஷம் மட்டும் நீங்களே வச்சுக்கங்க. ஊர்ல இருக்கது நீங்க மட்டுந்தான” என்பார்கள். கண்ணுசாமி தலையாட்டுவான். அந்த ‘ஒரு வருஷம் மட்டும்’ அவன் பெண்டாட்டி பழனியம்மாளின் நடுவயதை முழுசாகத் தின்றுவிட்டது.

இந்த மாசியில் அவளுக்கு வேறு கணக்கு இருந்தது.

மகள் தமிழ்மதி சென்னையில் வேலை பார்க்கிறாள். வேளச்சேரியில் மலர்விழி என்கிற பெண் நடத்துகிற லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ஐப்பசியில் அவளுக்கு டெங்கு வந்தபோது, கண்ணுசாமியைப் பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டுப் பழனியம்மாள் போய் மூன்று வாரம் இருந்தாள். ஹாஸ்டல் அடுப்படியில் மகளுக்காக ரசமும் பருப்புத் துவையலும் வைத்தாள். வாசம் பிடித்து மற்றப் பிள்ளைகளும் தட்டோடு வந்து நின்றன. மலர்விழி அதைப் பார்த்தாள். “அக்கா, மாமாவையும் கூட்டிட்டு வந்துருங்க. நீங்க அடுப்படியைப் பாருங்க, அவர் கோயம்பேட்டுல காய் வாங்கட்டும், கேட்டைப் பாக்கட்டும். மாடியில ரூம் இருக்கு” என்றாள். இருக்கிற சமையல்காரம்மா பங்குனியோடு நின்றுவிடுவாள். மாசிக் கும்பிடு முடிந்த அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குச் சொல்லிவிடப் போவதாகவும் சொல்லியிருந்தாள்.

மலர்விழி கேட்பதற்கு முன்பே பழனியம்மாளுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிருந்தது. தண்ணீரில் துருவாடை அடித்தது. கொசு ஒவ்வொன்றும் ஈ தண்டி இருந்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், “எங்க போற?” என்று கேட்கவில்லை. இங்கே வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடிக்க வாசலிலிருந்து நடந்தால், பஸ் ஏறுவதற்குள் அந்தக் கேள்விக்கு எத்தனை வீட்டில் நின்று பதில் சொல்ல வேண்டும்! எங்கே, எதற்கு, எப்போது திரும்பி வருவாய், அவன் ஏன் கூட வரவில்லை. அங்கே மகளுக்குக் காய்ச்சல் விட்ட ஒரு நாள், பழனியம்மாள் பறக்கும் ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரை போனாள். அதே வண்டியில் திரும்பி வந்தாள். ஒரு வேலையும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள், வந்தாள். ஸ்டேஷன் வாசலில் நின்று ஒரு பிளேட் பஜ்ஜி தின்றாள். யாருடைய பெண்டாட்டி என்று யாரும் கேட்கவில்லை.

ஊர் திரும்பிக் கண்ணுசாமியிடம் ஹாஸ்டல் விஷயத்தைச் சொன்னாள். அவன் வாயிலிருந்து எண்ணித்தான் பேச்சு வரும். யோசித்துவிட்டு, “பெட்டி இருக்கே” என்றான்.

நிலத்தைச் சொல்லி அவனால் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஏனென்றால் நிலம் போய்விட்டது. மல்லிகை போட்டுக்கொண்டிருந்த குத்தகைத் தோட்டத்தை அதன் சொந்தக்காரர் தை மாசம் விற்றுவிட்டார். இப்போது அங்கே மஞ்சள் கல்லும் கலர்க் கொடியும் நட்டு, நடுவில் ஒரு வளைவு கட்டி, ‘மண்வாசனை நகர்’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். பெயரைச் சூட்டியவர் நிலத்தை விற்றவர். நிலத்தை விற்றவர் பெரிய பங்காளி பெருமாள்சாமி.

பெருமாள்சாமி ஓர் அரசாங்க ஆபீசில் உயர்ந்த நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவர். நங்கநல்லூரில் மூன்றாம் மாடி ஃப்ளாட். ‘சென்னை வாழ் திண்டுக்கல் மண்ணின் மைந்தர் பேரவை’க்குத் தலைவர். தினமும் விடிந்ததும் போனை முகத்துக்கு நேரே பிடித்து, சென்னை எப்பேர்ப்பட்ட நரகம் என்று பேசிப் பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். அதை முழுக்கக் கேட்கிற ஒரே ஆள் கண்ணுசாமிதான் என்று பழனியம்மாளுக்கு ஒரு சந்தேகம். தோட்டத்தில் களை எடுக்கும்போது ஓடவிட்டுக்கொண்டிருப்பான்.

இந்த வருஷமும் பெருமாள்சாமி வந்தார், மூச்சு இழுத்தார், செம்பை வாங்கி வாய் கொப்பளித்தார்.

“அது ஊரா பழனியம்மா? பக்கத்து ஃப்ளாட்ல பத்து வருஷமா இருக்கான், அவன் பேரு எனக்குத் தெரியாது. செத்தாக்கூட நாத்தம் வந்தாத்தான் தெரியும்!”

“இங்க பக்கத்து வீட்டுக்காரிக்கு, இன்னைக்கு என் வீட்டுல என்ன குழம்பு, என்ன வெஞ்சனம்னு எனக்கு முன்னால தெரியும், மச்சான்.”

“பாத்தியா! அதாம்மா பாசம்!”

பழனியம்மாள் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் அறுபது பேருக்கு மசால் அரைபட்டுக்கொண்டிருந்தது. பாசத்தைப் பற்றிப் பேச நேரம் இல்லை.

விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் பெட்டியைத் தலையில் வைத்துக் கொட்டுமேளத்தோடு ஓடைக்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெட்டியைத் திறந்து, சாமி சாமானை எடுத்துப் பரப்பி, சாமியாடி முத்துச்சாமி சலங்கை கட்டினார். முத்துச்சாமி கண்ணுசாமிக்குச் சித்தப்பா முறை; சாமியாடி வீட்டுக்குப் பெட்டி முறை கிடையாது. வத்தலக்குண்டு ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். வருஷத்தில் ஒரு நாள்தான் சாமி. மற்ற நாள் டியூப்.

திறந்த பெட்டி முன்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இது அந்தப் பங்காளிகளில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். உள்ளங்கையில் திருநீறு வாங்கிக்கொண்டு பெட்டி முன்னால் என்ன சொன்னாலும் அது வாக்கு. சாமி கேட்டுக்கொள்ளும். ஒரு தடவை ஒருத்தன் ஏதோ கோபத்தில், “இனிமே பீடியே தொட மாட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சாகும்வரை மூக்குப்பொடி போட்டே காலத்தைத் தள்ளினான். அதனால் பேச வேண்டியவர்கள் எழுந்து வேப்பமரத்துப் பக்கம் போய்விடுவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. “இந்த வருஷம் எனக்குக் கொடு” என்று ஒருத்தர் பெட்டி முன்னால் கேட்டால், பெட்டி வைத்திருக்கிற வீட்டுக்காரி அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றிவிட்டால் பெட்டி கைமாறிவிட்டது என்று அர்த்தம். பழனியம்மாள் பதினோரு வருஷமாக மஞ்சள் தண்ணீரைச் செம்பில் கரைத்துக் கோயிலுக்கு எடுத்துப் போகிறாள். கேட்கிற ஆள் இல்லாததால் திரும்பி வரும்போது செடிக்கு ஊற்றிவிடுகிறாள்.

பெருமாள்சாமி இதையெல்லாம் மறந்துபோனார். சென்னையில் இருபத்தேழு வருஷம் இருந்துவிட்டார், அங்கே எதைச் சொன்னாலும் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. திருநீறு வாங்கினார். போனை எடுத்தார். திறந்த பெட்டியும் அரிவாளும் பின்னால் தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்து, நேரலையை முடுக்கினார்.

“சென்னை வாழ் சொந்தங்களே, வணக்கம். இதோ என் குலசாமி. இதோ என் மண். அங்க நாம என்ன வாழ்க்கை வாழுறோம்? தண்ணியை லாரியில வாங்குறோம். காத்தை மெஷின்ல வாங்குறோம். சிரிப்பை வாங்குறதுக்குப் பார்க்குல கிளாஸ் நடத்துறான்! இந்த மண்ணுல ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் இருக்க எனக்குக் குடுப்பினை கிடைச்சா, அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன். சத்தியம்! சின்னக்கருப்பா, அந்தக் குடுப்பினையை எனக்குக் குடுப்பா!”

திருநீற்றுக் கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடினார்.

கேட்டுவிட்டார்! பழனியம்மாள் பக்கத்தில் இருந்த மஞ்சள் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள். சுற்றிப் பார்த்தாள். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, ஆனால் பங்காளிகள் யாரும் அசையவில்லை. இவர் வழக்கமாகப் பேசுகிற பேச்சுத்தானே என்று விட்டுவிடுவார்கள். கறிச்சோறு தின்பார்கள். கை கழுவுவார்கள். கை கழுவும்போது சொல்வதைச் சொல்வார்கள்.

செம்பை எடுத்தாள். நாலு எட்டில் போய், சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த பெருமாள்சாமியின் பாதத்தில் மொத்தத் தண்ணீரையும் கவிழ்த்தாள்.

பெருமாள்சாமி கண்ணைத் திறந்தார். நனைந்த காலைப் பார்த்தார். உருகிவிட்டார். போனைக் கால் பக்கம் திருப்பினார்.

“பாத்தீங்களா சொந்தங்களே! இதுதான் நம்ம பண்பாடு. வந்தவங்க காலை மஞ்சத் தண்ணி விட்டுக் கழுவுறாங்க. சென்னையில எவனாவது கழுவுவானா?”

கொட்டு நின்றது. முத்துச்சாமி சலங்கைக் காலைத் தரையில் தட்டினார்.

“ஏலே பெருமாளு, போனை அமத்துடா.”

“லைவ்ல இருக்கேன் சித்தப்பா.”

“வாக்கு விழுந்திருச்சு. பெட்டி உனக்கு.”

“எந்தப் பெட்டி?” என்று கேட்டுவிட்டுத்தான் பெருமாள்சாமி திரும்பி அதைப் பார்த்தார். அவர் கை தன்னால் போனை அணைத்தது.

முதலில் எழுந்தவன் ஓசூர் பழனிக்குமார். முறைப்படி பார்த்தால் அடுத்து அவன் வீடு. இத்தனை வருஷமும் கும்பிடு அன்றைக்கு வெயிலில் தலைவலிக்கிறது என்று காருக்குள் ஏசியைப் போட்டுப் படுத்துக்கொள்கிறவன். இப்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு, “மரபுன்னா மரபுதான் அண்ணே. சாமியே கேட்டு வாங்கிருக்கு” என்றான். திருப்பூர்க்காரர்கள் குலவை போடச் சொல்லிப் பெண்களை ஏவினார்கள். இத்தனை பக்தியை அந்த ஓடைக்கரை பார்த்ததில்லை.

“ஏய், இருங்கப்பா, செத்த நேரம் இருங்க. நான் ஒரு உணர்ச்சியில சொன்னது.”

“சாமிக்கு உணர்ச்சியில சொன்னது, ஊருக்காகச் சொன்னதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது” என்றார் முத்துச்சாமி.

“எனக்கு இங்க வீடு எங்க இருக்கு? வித்தாச்சே!”

பழனியம்மாள் காலிச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். “எங்க வீட்டுலயே இருங்க மச்சான். சாவி தாரேன். நாங்க மெட்ராஸ் போறோம்” என்றாள்.

அவளுக்கே தன் குரல் சத்தமாகக் கேட்டது. கண்ணுசாமி தரையைப் பார்த்தான். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

வேப்பமரத்தடிக்குப் பேச்சு நகர்ந்தது. பெட்டி முன்னால் இனி ஒருத்தரும் வாயைத் திறப்பதாக இல்லை.

“அந்த நரகத்துக்கா?” என்றார் பெருமாள்சாமி.

“நீங்க இருக்க ஊருக்குத்தான்.”

“ஹாஸ்டல்ல சமையல்காரியாவா? குடும்பத்து மானம் என்னாகிறது?”

“வருஷா வருஷம் அறுபது பேருக்கு இங்க நான்தான் ஆக்கிப் போடுறேன். அப்ப எம் பேரு என்ன மச்சான், கலெக்டரா?”

பழனிக்குமார் குழைந்தான். “அதுக்கில்ல மதினி. நீங்களும் போயிட்டா நாங்க கும்பிடுக்கு வந்து எங்க தங்குறது? பிள்ளைகளுக்கு வெந்நி யாரு வைப்பா?”

அவன் ஒருவன்தான் அன்றைக்கு உள்ளதைச் சொன்னவன். ஊரை நினைத்து இவர்கள் ஏங்க வேண்டுமானால், ஊரில் ஒருத்தி இருந்தாக வேண்டும். வெந்நீர் போட, வெஸ்டர்ன் வைக்க, பெட்டிக்கு விளக்கேற்ற. பழனியம்மாள் செம்பை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“மச்சான் ஒரு வருஷம் இருந்து பாக்கட்டுமே. தெனமும் அவுக சொல்ற சொர்க்கந்தான.”

“சும்மா சொல்லக் கூடாதும்மா” என்று பெருமாள்சாமி தொடங்கினார். அவர் குரலில் ஒரு புதுப் பிரியம் வந்து உட்கார்ந்தது. “சென்னைன்னா சென்னைதான். நெஞ்சு வலிக்குதுன்னா பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி. இங்க எனக்கு ஒண்ணுன்னா திண்டுக்கல் போகணும், அங்கிருந்து மதுரைக்கு அனுப்புவான், வழியிலயே முடிஞ்சிரும். மெட்ரோ விட்டிருக்கான், ஏறி உக்காந்தா சட்டை கசங்காது. எதை நினைச்சாலும் வீட்டு வாசலுக்கு வருது. இந்தக் காலிங்பெல் இருக்கே, அதை அடிக்காம ஒருத்தன் உள்ள எட்டிப் பாக்க மாட்டான். அம்புட்டு மரியாதை தெரிஞ்ச ஊரு!”

“நேத்து வந்து இறங்குனதும் பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியலைன்னு அழுதீக.”

“அது பிரைவசிம்மா. உனக்குப் புரியாது.”

“எனக்குத்தான் மச்சான் புரியுது!”

பெருமாள்சாமி துணைக்குத் தன் மனைவியைப் பார்த்தார். மாயம்மாள் மரத்து வேரில் உட்கார்ந்து கால் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

“நீ சொல்லு மாயா. நம்மளால இங்க முடியுமா?”

“என்னால முடியாதுங்க” என்றாள் மாயம்மாள். “நான் என்னைக்காச்சும் மெட்ராஸைத் திட்டியிருக்கேனா? நீங்க விடிஞ்சதும் போனைப் பிடிச்சுக்கிட்டுத் திட்டும்போது நான் வாக்கிங் போயிருவேன். பார்க்குல நாலு பொம்பளைக இருக்கோம். ஒருத்தி சாதிசனம் ஒருத்திக்குத் தெரியாது. மாமியாரைப் பத்தி நிம்மதியாப் பேசுறோம். அதை விட்டுட்டு நான் வர மாட்டேன். நீங்க இருங்க. பெட்டிக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்கிறதுதான முறை.”

“நான் மட்டுமா?”

“ஒரு வருஷந்தான. பல்லைக் கடிச்சுக்கிட்டு நான் சமாளிச்சுக்கிறேன்” என்றாள் மாயம்மாள். அவள் முகத்தில் பல்லைக் கடிக்கிற அடையாளம் எதுவும் தெரியவில்லை.

அப்புறம் பழனியம்மாள் பயந்தது மெல்ல நடக்கத் தொடங்கியது. கறி வெந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். எல்லோருக்கும் பசி. பசி வந்தால் பங்காளிகளுக்குச் சமாதானத்தில் நாட்டம் வந்துவிடும். திருப்பூர்க்காரர் ஒருவர், “பெரியவுகளுக்குச் சுகர் வேற இருக்கு... கண்ணுசாமியே இந்த ஒரு வருஷம் மட்டும்...” என்று இழுத்தார். முத்துச்சாமி சலங்கையை அவிழ்த்துவிட்டிருந்தார். சலங்கை இல்லாவிட்டால் அவருக்கு உறுதியும் குறைந்துவிடும். “என்னப்பா கண்ணு?” என்றார். கண்ணுசாமி வழக்கம்போலத் தலையாட்டப் போகிறான் என்று பழனியம்மாள் நினைத்தாள். அவன் ஆட்டவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. அவனைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

பெருமாள்சாமி ஆபீசில் பல ஃபைல்களை இழுத்தடித்து அனுபவப்பட்டவர். ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வாக்கை மீற எனக்கு மனசில்ல. நான் பெட்டியைச் சென்னைக்கே எடுத்துட்டுப் போறேன். என் வீட்டுல வச்சுக் கும்பிடுறேன்.”

“எல்லை தாண்டியா?” என்றார் முத்துச்சாமி.

“பூப்போட்டுக் கேளுங்க. சாமி சரின்னா என் தலையில சுமந்துட்டுப் போறேன். வரமாட்டேன்னு சொல்லிட்டா நான் என்ன செய்ய முடியும்? ஊத்தின தண்ணியும் ஊத்தாத கணக்குத்தான். பெட்டி இருந்த இடத்துலயே இருக்கட்டும்.”

எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது. ஏனென்றால் பதில் எல்லோருக்கும் தெரியும். சின்னக்கருப்பு ஓடையைத் தாண்டாது. முன்னொரு காலத்தில், பெட்டிக்குப் புதுப் பூண் போடத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கே, கூடாது என்று சிவப்புப் பூதான் வந்தது. ஆசாரியைத்தான் இங்கே கூட்டிவர வேண்டியிருந்தது. திண்டுக்கல்லுக்கே வராத சாமியா நங்கநல்லூருக்கு வரப்போகிறது?

பழனியம்மாளுக்கு இது விளங்கிவிட்டது. சாயங்காலம் மலர்விழிக்கு என்ன சொல்வது என்று அப்போதே மனதுக்குள் வார்த்தை தேடத் தொடங்கினாள். சாமி வரலைம்மா. சாமிக்கு அந்த ஊரு ஒத்துக்காதாம்.

பூ கட்டுவது பெட்டி வீட்டுக்காரன் வேலை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வாழையிலையில் மடித்து நாரால் கட்டி, எது எதென்று தெரியாமல் வைக்க வேண்டும். வெள்ளை என்றால் சம்மதம். கண்ணுசாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனான். இரண்டு பொட்டலத்தோடு வந்து பெட்டி முன்னால் வைத்தான். பழனிக்குமாரின் சின்ன மகள் தேவதர்ஷினியை எடுக்கச் சொன்னார்கள். அது யோசிக்காமல் கிட்டே இருந்ததை எடுத்து முத்துச்சாமி கையில் கொடுத்துவிட்டு ஐஸ்கிரீம் எப்போது என்று கேட்டது.

முத்துச்சாமி பிரித்தார்.

மல்லிகை.

முத்துச்சாமி இலையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். சாமி ஊரை விட்டுப் போகச் சம்மதித்துவிட்டது. முகம் சுளிக்கவில்லை, சகுனம் கேட்கவில்லை, ஒரே பூவில் சரி என்று சொல்லிவிட்டது. சிலருக்கு இது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. இத்தனை நாள் கோழி, கிடாய் என்று ஒரு குறை வைத்தோமா?

“இன்னொரு தரம் போட்டுப் பாப்போம்” என்றார் பெருமாள்சாமி.

“சாமிகிட்டப் போயி அப்பீலா? நல்லா இருக்குடா!” முத்துச்சாமி எரிந்து விழுந்தார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடையில் போடுவது வழக்கம். கண்ணுசாமி அதை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தான்.

சாப்பாடு முடிந்ததும் கார் பின்சீட்டில் பெட்டியை ஏற்றினார்கள். வளைவில் சரிந்துவிடக் கூடாது என்று பழனிக்குமார் சீட்பெல்ட்டை இழுத்து மாட்டினான். பெருமாள்சாமி காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“எங்க அப்பார்ட்மென்ட்ல சூடம் ஏத்தக் கூடாது சித்தப்பா. ஏத்தினா அலாரம் அடிக்கும்.”

“மணியடிச்ச மாதிரி நினைச்சுக்க” என்றார் முத்துச்சாமி. “செவ்வாய், வெள்ளி கவிச்சி ஆகாது. ரெண்டு பேரும் சேந்து வெளிய தங்கக் கூடாது.”

முன்சீட்டில் இருந்த மாயம்மாள் கண்ணாடியை இறக்கினாள். “மாமா, நான் மட்டும் தனியாத் தங்கலாம்ல? எந்தங்கச்சி பெங்களூர்ல இருக்கா, ரொம்ப நாளாக் கூப்பிடுறா.”

“தாராளமா, ஆத்தா.”

“இவுக பெட்டிக்கு இருந்துக்கிருவாக” என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

கார் மண்வாசனை நகர் வளைவுக்குள் நுழைந்து தார்ரோட்டில் ஏறியது. பங்காளிகள் கும்பிட்டபடி நின்றார்கள். அடுத்த மாசிக் கும்பிடு செம்பட்டியிலா நங்கநல்லூரிலா என்று பழனிக்குமார் கேட்டான். குரூப்பில் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அப்புறம் அவனவன் வண்டியை அவனவன் எடுத்தான். போகும்போது மறுபடி ஒரு தடவை மூச்சு இழுத்துக்கொண்டார்கள்.

வெயில் சாயும்போது பழனியம்மாள் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுசாமி தண்ணீர் மொண்டு ஊற்றினான். தேய்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கை நின்றது.

“ஏங்க, கோயில் பின்னால நின்ன செவ்வரளியைத்தான் ரோடு போடுறவன் பிடுங்கி எறிஞ்சிட்டானே. சிவப்புப் பூவுக்கு நீங்க எங்க போனீக?”

“எங்கயும் போகல” என்றான் கண்ணுசாமி.

அவள் அவனையே பார்த்தாள். அவன் வாளியில் மிச்சம் இருந்ததை அண்டாவின் விளிம்பைச் சுற்றி ஊற்றினான்.

“அந்தப் பொட்டலத்துலயும் மல்லிகைதானா...”

“சாமியும் எம்புட்டு வருஷந்தான் நம்ம வீட்டுலயே அடைஞ்சு கெடக்கும்? அதுக்கும் நாலு இடம் பாக்கணும்ல” என்றான். அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. பேசிவிட்டு இன்னொரு வாளி மொள்ளப் போய்விட்டான்.

பழனியம்மாள் சாம்பல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“மலர்விழி, நான் பழனியம்மா பேசுறேன். நாங்க வாரோம்மா, ரெண்டு பேரும்.”

“நிஜமாவா அக்கா? நல்லா யோசிச்சீங்களா?” என்றாள் மலர்விழி. பின்னால் ஏதோ ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. “உங்க ஊர் மாதிரி வராதுக்கா இது. இது ஒரு ஊரா சொல்லுங்க? காலையில இருந்து தண்ணி லாரி வரல. கொசு ஆளைத் தூக்கிட்டுப் போயிடும் போல இருக்கு. மனுஷனுக்கு மனுஷன் ஒரு ஒட்டு உறவு கிடையாது. அந்தக் காத்து என்ன, அந்தத் தண்ணி என்ன, உங்களுக்கெல்லாம் எதுக்குக்கா இந்தத் தலையெழுத்து...”

பழனியம்மாள் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று பார்த்தாள். முடிகிற மாதிரி தெரியவில்லை.

“சரிம்மா, சரி” என்றாள். “அடுப்படியில கிரைண்டர் இருக்கா, இல்ல நான் இங்கிருந்து தூக்கிட்டு வரணுமா? அதை மொதல்ல சொல்லு.”